பிரதி எடுத்தல்

1

நம் எழுத்தாளர்களில் பெரும்பாலோர் எங்காவது குமாஸ்தாவாக இருக்கிறோம். ஆனால் குமாஸ்தா வேலையைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. வேலை என்பது எழுத்துக்கு இடையூறு, பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை ஆளில்லாத நேரம் என்ற எண்ணம் நம்மிடையே கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. எனக்கு இதில் சம்மதமில்லை. மூலம், பிரதி, பாடபேதம், மரபு என்று நாம் புழங்கும் வார்த்தைகளுக்கு எனக்குக் கிடைத்திருக்கும் அர்த்தத்தில் பாதிக்கு மேல் விமர்சன நூல்களிலிருந்து வந்ததல்ல. வங்கிக்கு வருவதற்கு முன், 2011லிருந்து 2014வரை, ஒரு பல்கலைக்கழகத்தில் மேஜைக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்து வந்தது.

பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். பி.ஏ.க்கு வேலை கிடைக்காது என்று வீட்டில் சொன்னதால் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தேன். அந்த டிப்ளமோவின் பேரில் ஒப்பந்த அடிப்படையில் எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கொருமுறை புதுப்பிப்பார்கள். என்ஜினியரிங் படித்தவர்கள் சர்வர் அறையில் குளிர்சாதனத்தில் இருந்தார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் ஸ்குரூ டிரைவரும் தூசி ஊதும் புளோயருமாகத் துறை துறையாகப் போய்வந்தோம். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. நான் சொல்லப்போவது அநேகமாக எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

2

வேலை ஒரு புகார்ப் பதிவேட்டிலிருந்து தொடங்கும். 'கம்ப்யூட்டர் ஓடவில்லை', 'ஸ்லோவாக இருக்கிறது', 'பிரிண்ட் வரவில்லை' என்ற மூன்று வாக்கியங்களில் முக்கால்வாசிப் பக்கங்கள் நிறைந்துவிடும். புகார் எழுதுபவர் எப்போதும் விளைவைத்தான் எழுதுவார், காரணத்தை எழுதமாட்டார். ஒரு நாவல் 'விறுவிறுப்பாக இல்லை' என்கிற வாசகனும் இதே பதிவேட்டில்தான் எழுதுகிறான். விளைவிலிருந்து காரணத்துக்குப் போவது நம் வேலை.

காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. ரேம் பலகையை உருவி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் செத்துக் கிடந்த யந்திரம் எழுந்துவிடும். தாய்ப்பலகையில் காலணா அளவில் ஒரு பாட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் கடிகாரம் சில வருஷங்கள் பின்னுக்குப் போய்விடும். தேதி தவறான யந்திரத்தை வங்கிக் கணக்கோ மின்னஞ்சலோ உள்ளே விடாது. தளங்கள் காட்டும் சான்றிதழின் காலவரம்பை யந்திரம் தன் தேதியோடு ஒப்பிடுகிறது, பொருந்தவில்லையென்றால் நம்புவதில்லை. ஆராய்ச்சி மாணவர்களின் பென் டிரைவ்களில் ஒரு வைரஸ் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. அது கோப்புகளை மறைத்துவிட்டு அவற்றின் பெயரில் போலிக் குறுக்குவழிகளை வைக்கும். ஆய்வேடு போய்விட்டதென்று அழுதுகொண்டு வருவார்கள். போகவில்லை, மறைந்திருக்கிறது என்று சொல்லி ஒரே வரிக் கட்டளையில் வெளியே கொண்டுவந்து காட்டும்போது அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே அந்த வேலையில் இன்னும் சில மாதங்கள் இருக்கலாம் போலிருக்கும்.

இந்த வேலையில் இரண்டு வகை யந்திரங்கள் உண்டு. ஒன்று ஆய்வுக்கூடத்து யந்திரம். அங்கே ஒரு கம்ப்யூட்டரை முழுக்கத் தயார்செய்து, நார்ட்டன் கோஸ்ட் மாதிரியான ஒன்றை வைத்து அதன் வட்டை அப்படியே படியெடுத்து, மற்ற எல்லாவற்றிலும் இறக்கிவிடுவோம். மாலைக்குள் அறுபதும் ஒன்றுபோல் ஆகிவிடும். அதோடு டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளையும் போட்டுவிட்டால், மாணவன் அதில் என்ன செய்தாலும் அணைத்துத் திறக்கும்போது நேற்றைய நிலைக்கே திரும்பிவிடும். ஞாபகமே இல்லாத யந்திரம். பராமரிக்க இதைவிடச் சௌகரியமானது கிடையாது.

இன்னொன்று ஆசிரியரின் மேஜையில் இருக்கும் யந்திரம். இதற்கு மாதிரிப் பிரதி கிடையாது. ஒருவர் திரையில் சின்னங்கள் ஓரம் மாறாமல் வரிசையாக இருக்கும். இன்னொருவர் திரையில் பின்புலம் தெரியாத அளவுக்குக் கோப்புகள் அப்பிக் கிடக்கும். 'புதிய அடைவு 17' என்று ஒன்று இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். ஒழுங்குபடுத்திவைக்கட்டுமா என்று கேட்டால் பதறிவிடுவார். ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது, வெளியாளுக்குத் தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

பல்கலைக்கழகம் என்ற ஸ்தாபனம் முதல் வகை யந்திரத்தை விரும்புகிறது. பல்கலைக்கழகம் எதற்காக இருக்கிறதோ அது இரண்டாவது வகையில் நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

3

2013 கடைசியில் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 2001 அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் எல்லாக் கம்ப்யூட்டர்களும் விண்டோஸ் 7க்கு 'மேம்படுத்தப்பட' வேண்டும்.

ஆதரவு முடிவது என்றால் என்ன என்பதைப் பேராசிரியர்களுக்கு விளக்குவதே முதல் வேலையாக இருந்தது. ஏப்ரல் 9ஆம் தேதி யந்திரம் நின்றுவிடாது. எப்போதும்போல் ஓடும். ஆனால் அதில் அன்றைக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்கமாட்டார்கள். கவனித்துக்கொண்டிருந்தவர்கள் கவனிப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இது வீண் பயம் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். 2017 மே மாதம் வான்னாகிரை உலகத்தைச் சுற்றியபோது அந்த வாதம் அடங்கிப்போயிற்று; அது நுழைந்த ஓட்டைக்கான ஒட்டு, அப்போது ஆதரவிலிருந்த பதிப்புகளுக்கு, இரண்டு மாதம் முன்பே வெளிவந்திருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள்.

ஆகவே மாற்றவேண்டும் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. பழையதைக் கட்டிக்கொண்டு அழும் மனோபாவத்துக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை. ஆனால் 'மேம்படுத்தல்' என்ற வார்த்தை பொய் சொல்கிறது. எக்ஸ்பியை அப்படியே உயர்த்தி 7 ஆக்க வழி கிடையாது. புதிதாகத்தான் நிறுவவேண்டும். கோப்புகளை வெளியே எடுத்து, வட்டைத் துடைத்து, புதிய அமைப்பைப் போட்டு, மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு, கோப்புகளை உள்ளே வைக்கவேண்டும். இது மேம்படுத்தல் அல்ல, குடிபெயர்த்தல். குடிபெயர்க்கும்போது வண்டியில் ஏறாத சாமான்கள் எப்போதும் சில இருக்கும். பழைய பிரிண்டருக்குப் புதிய அமைப்பில் இயக்கி கிடையாது. பின்புறத்தில் பூட்டு செருகினால் மட்டும் திறக்கும் மென்பொருளுக்குப் புதிய யந்திரத்தில் அந்தத் துளையே இல்லை. 64 பிட் அமைப்பில் 16 பிட் காலத்து நிரல்கள் ஓடுவதில்லை.

தமிழுக்கு இதில் ஒரு தனி விசித்திரம் இருந்தது. எக்ஸ்பியில் யூனிகோட் தமிழ் சரியாகத் தெரியவேண்டுமென்றால் மொழி அமைப்பில் ஒரு கட்டத்தில் டிக் செய்யவேண்டும். உடனே அது விண்டோஸ் சிடியைக் கேட்கும். சிக்கலான எழுத்து முறைகள், வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிகள், தாய்லாந்து மொழி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டம். சிடி எந்தத் துறையிலும் கிடைக்காது. விண்டோஸ் 7இல் இந்தப் பிச்சை தேவையில்லை. தமிழ் முதலிலிருந்தே உள்ளே இருந்தது. தமிழ்த்துறைக்கு இந்த மாற்றம் நல்லதாகத்தான் இருந்திருக்கவேண்டும். ஆனால் எங்கள் பட்டியலில் கடைசிவரை மீதியிருந்தது தமிழ்த்துறை.

4

அங்கே ஒரு பேராசிரியை இருந்தார். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. பதினெட்டு வருஷங்களாகக் கிராமங்களில் ஒப்பாரி சேகரித்துவந்தவர். ஒலிநாடாக்களில் பதிந்து, கேட்டுக் கேட்டு எழுதி, பேஜ்மேக்கரில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். நாடாக்களில் பாதி பூஞ்சை பிடித்துப்போயிற்று. பாடியவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். மிஞ்சியிருந்தது அந்த எக்ஸ்பி யந்திரத்திலிருந்த நாற்பத்துச் சொச்சம் கோப்புகள்.

நான் போனபோது அவர் மறுக்கவில்லை. "தம்பி, மெஷினைத் தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஆனா இதுல இருக்கறதை யாராவது ஒருத்தர் படிச்சுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அந்த வாக்கியத்தின் முழு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. விஷயம் இது: பழைய தமிழ் எழுத்துருக்களில் எழுதியது யந்திரத்தைப் பொறுத்தவரை தமிழே அல்ல. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், கோப்பில் இருப்பது ஒரு எம், ஒரு கே, ஒரு அரைப்புள்ளி, இன்னொரு கே, ஒரு எச். எழுத்துரு அந்த ஆங்கிலக் குறிகளின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திக் காட்டுகிறது. போர்வை இல்லாத யந்திரத்தில் அம்மா இல்லை. இப்படி ஒரு போர்வையல்ல, ஆளுக்கொன்று இருந்தது. யூனிகோடின் 1991ஆம் வருஷத்து முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தும், இங்கே அச்சகத்துக்கு அச்சகம் ஒரு குறியேற்றம் வைத்துக்கொண்டார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன. அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல். இடைப்பட்ட வருஷங்களில் எழுதப்பட்டது அத்தனையும் இந்தப் போர்வைகளுக்குள் இருக்கிறது.

மாற்றித் தரும் நிரல்கள் உண்டு. ஒரு கோப்பை ஓட்டிப்பார்த்தேன். முதல் பார்வைக்குத் தமிழாகத்தான் வந்தது. படிக்க உட்கார்ந்தபோது வழுக்கத் தொடங்கியது. ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே உருவம்; பழைய எழுத்துருவில் இரண்டுக்கும் ஒரே சாவி. கொம்பு, வகரம், ளகரம் என்று மூன்று உருவங்கள் வரிசையாக வந்தால் அது 'வெள' என்பதா, 'வௌ' என்பதா? அடுத்து ஒரு புள்ளியோ விசிறியோ இருந்தால் 'வெள்ளி', 'வெளி' என்று ஊகிக்க நிரலுக்கு விதி எழுதலாம். 'வெளக்கு' என்று வந்தால்? அகராதியில் இருப்பது விளக்கு. ஒப்பாரியில் இருப்பது வெளக்கு. நிரல் 'வௌக்கு' என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறது. வீட்டில் அணைந்துபோன விளக்கைப் பற்றி ஒரு பெண் பாடியதுதான் அந்த வரி என்பது, அந்தப் பேச்சைக் காதால் கேட்டிருக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய இன்னொன்று இருந்தது. மாற்றிய பிரதியில் எங்கு பார்த்தாலும் 'ஸ்ரீ'. வரிக்கு வரி, சில இடங்களில் சொல்லின் நடுவில். இழவு வீட்டுப் பாட்டில் யார் இத்தனை ஸ்ரீ போட்டது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டபோது அவர் சிரித்தார். பாடுகிறவளின் குரல் உடைந்து நிற்கும் இடத்தைக் குறிக்க அவருக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டிருக்கிறது. டி.டி.பி. செய்துகொடுத்தவர், ஒப்பாரியில் ஸ்ரீ வரப்போவதில்லை என்று, எழுத்துருவையே திறந்து, அந்தச் சாவியில் ஒரு சிறிய நெளிகோட்டை வரைந்து வைத்துவிட்டார். அவருடைய யந்திரத்தில் அது நெளிகோடு. மற்ற எல்லா யந்திரங்களிலும் ஸ்ரீ. அழுகை வந்த இடத்திலெல்லாம் மங்கலச் சொல்.

பிறகு வேலை பிடிபட்டது. முதலில் அந்தப் பழைய யந்திரத்திலேயே, அந்த எழுத்துரு உயிரோடு இருக்கும்போதே, எல்லாக் கோப்புகளையும் காகிதத்தில் அச்செடுத்தோம். கிட்டத்தட்ட அறுநூறு பக்கம். காகிதச் செலவு அவருடையது. அதன்பின் மாலை ஐந்தரைக்கு மேல் நான் மாற்றிய பிரதியைப் படிக்க, அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நிறுத்துவார். ஸ்ரீக்கு ஒரு விதி, வெளக்குக்கு ஒரு குறிப்பு என்று என் அட்டவணை நீண்டது. சில இடங்களில் நிரல் செய்த பிழை அல்ல, தட்டச்சிலேயே விழுந்த பிழை என்று தெரிந்தது. சில இடங்களில் அவரே நிதானித்து, நாடாவில் தான் கேட்டது அதுவா என்று யோசித்துவிட்டு, "இருக்கட்டும், சந்தேகம்னு போடுங்க" என்றார். பாடபேதம் என்ற சொல்லை நான் அங்கேதான் கற்றேன்.

ஏப்ரல் வந்தது. கோப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்தது. யந்திரம் பல்கலைக்கழகத்தின் சொத்து; கழிவுப் பட்டியலில் ஏறிவிட்டது. அவகாசம் கேட்டு நான் எழுதிய குறிப்பு 'பார்க்கப்பட்டது' என்ற ஒரு வார்த்தையோடு திரும்பிவந்தது. கோப்புகளையும் அந்த எழுத்துருவையும் சேர்த்து இரண்டு சிடிகளில் எழுதிக் கொடுத்தேன். யந்திரம் வண்டியேறியது. எங்கள் முடிவறிக்கையில் அதற்கும் ஒரு வரி உண்டு: யந்திர எண், பழைய ரேம், புதிய ரேம், கையொப்பம். உள்ளே என்ன இருந்தது என்பதற்குக் கட்டம் இல்லை.

5

இதற்குத் தீர்வு எப்போதோ கண்டுபிடித்தாயிற்று, கோப்புகளை மேஜையில் வைப்பதே தப்பு என்று சொல்வார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 1983இல் டிஜிட்டல், ஐ.பி.எம். நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய அதீனா திட்டத்தின் அடிப்படை இதுதான்: மாணவன் எந்த யந்திரத்தில் அமர்ந்தாலும் அவனுடைய கோப்புகள் வலைவழியே அவனிடம் வந்து சேரவேண்டும். 1991வரை நடந்த அந்தத் திட்டத்திலிருந்து வந்த கெர்பரோஸ் இன்றைக்கும் அலுவலக வலைகளில் ஆளை அடையாளம் காணப் பயன்படுகிறது. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. யந்திரம் எரிந்தாலும் கோப்பு பிழைக்கும். ஆனால் பிழைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அது அம்மா என்று சொல்ல சர்வரால் முடியாது.

2014 ஆகஸ்டில் வங்கிக்கு வந்தேன். இங்கே மேஜைக் கம்ப்யூட்டர் ஒரு ஜன்னல் மாத்திரம். கணக்கு எதுவும் அதில் கிடையாது. எந்த நேரமும் மாற்றலாம், யாரும் பதறமாட்டார்கள். ஏ.டி.எம்.களில் பழைய எக்ஸ்பி தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தபோது ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் உத்தரவிட்டு, கட்டம் கட்டமாக 2019 ஜூனுக்குள் மாற்றி முடிக்கவேண்டும் என்று கெடு வைத்தது. பணத்துக்கு இப்படிக் கேட்க ஆள் இருக்கிறது. இருக்கவேண்டியதுதான், சேமிப்புக் கணக்கில் நூறு ரூபாய் என்பதும் யாரோ ஒருத்தியின் வாழ்க்கைதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கணக்குகளை ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது முன்னும் பின்னும் கூட்டுத்தொகை பார்ப்போம். இரண்டும் ஒன்றாக இருந்தால் மாற்றம் சரி. உள்ளே இருக்கும் மனிதர்களை அறியாமலே சரிபார்த்துவிடலாம். எழுத்துக்கு இப்படிக் கூட்டுத்தொகை கிடையாது. கோப்புகளின் எண்ணிக்கை பொருந்தும், பக்கங்கள் பொருந்தும், அப்போதும் வெளக்கு அணைந்திருக்கும். ஒரு பிரதி பத்திரமாக வந்து சேர்ந்ததா என்று பார்க்க ஒரே வழி, அதை ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை படிப்பது. ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்தவர்களும் பிழை செய்தார்கள். ஆனால் படிக்காமல் படியெடுக்க அவர்களுக்கு வழி இல்லை. நமக்கு அந்த வழி கிடைத்திருக்கிறது. நொடியில் ஆயிரம் பக்கம் நகர்த்துகிறோம், ஒரு வரியும் படிக்காமல்.

விமர்சனத்திலும் இன்று நடப்பது பெரும்பாலும் இதுதான். முன்னோர்களின் பெயர்களை ஒரு கட்டுரையிலிருந்து அடுத்த கட்டுரைக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறோம். எண்ணிக்கை பொருந்துகிறது. அழுத இடத்தில் ஸ்ரீ விழுந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

6

நாங்கள் 2014இல் நிறுவிய விண்டோஸ் 7க்கும் 2020 ஜனவரி 14ஆம் தேதி ஆதரவு முடிந்தது. பின்னர் வந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. பதிவு செய்துகொள்வோருக்கு மட்டும் சில காலம் நீட்டிப்பு. இந்தத் தடவை நிர்ப்பந்தம் கடுமையானது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல்லாக இருந்தால் அநேகமாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரையும் கேட்கிறது. ரப்பரால் தேய்த்து எழுப்பிய யந்திரங்களால் இதைத் தாண்டமுடியாது. அங்கே இப்போதும் இருக்கும் நண்பர் சொல்கிறார்: நன்றாக ஓடும் யந்திரங்கள் வராந்தாவில் அடுக்கப்பட்டிருக்கின்றன, அறிக்கையில் அதே நான்கு கட்டங்கள்.

பேராசிரியை இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். மீதி மூன்றில் ஒரு பங்கில் பாதியை, அவர் ஊருக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்திருக்கிறோம். கண் மங்கிவருகிறது, அவருக்காக நான் காகிதத்தையும் சேர்த்துப் படிக்கிறேன். புத்தகமாக வருமா என்பதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

இதைப் படிக்கும் நூறு இருநூறு பேருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. தொண்ணூறுகளிலும் அதன்பின் பத்து வருஷங்களிலும் வந்த நம் சிறுபத்திரிகைகளில் பல, பேஜ்மேக்கரில் ஏதோ ஓர் எழுத்துருவில் கோக்கப்பட்டவை. அச்சிட்ட பிரதிகள் முந்நூறோ ஐந்நூறோ. கோப்புகள் யாருடைய பரணிலோ, ஒரு சிடியில். அந்த சிடிகள் உங்களில் யாரிடமாவது இருந்தால், சிடி செருகும் வாய் உள்ள யந்திரம் கிடைக்கும்போதே எடுத்துவிடுங்கள். எழுத்துருவையும் சேர்த்து எடுத்துவையுங்கள். மாற்றித் தர ஆள் கிடைப்பார். அவருக்குப் பக்கத்தில், அந்த இதழை அது வந்த காலத்திலேயே படித்த ஒருவரை, அச்சுப் பிரதியோடு உட்காரவைக்கவேண்டும். அப்படிப்பட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.